புரட்டாசியில் மால்டா

ஊர் சுற்றிக் காட்டுவது சுகமான வேலை என்று நினைப்பவர்கள், ஒரே குடும்பத்தில் பன்னிரண்டு பேரை விமானத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருப்பதியில் ஒரு டிராவல்ஸில், காணிப்பாக்கம் பஸ்ஸில் ஏழு வருடம் மைக் பிடித்தவன் நான். முதல் தடவையாக மால்டா தீவுக்கு அனுப்பினார்கள். முடிவில் பயணிகள் மார்க் தாள் எழுதித் தருவார்கள். நல்ல மார்க் வந்தால் வெளிநாட்டுப் பிரிவு, இல்லையென்றால் பழையபடி பஸ்.

மேசை நிறைய மீன்

டிக்கெட் மலிவு என்று முதலாளி பயணத்தைப் புரட்டாசியில் வைத்துவிட்டார். எனக்கும் உறைக்கவில்லை. மத்தியதரைக் கடலோரம் உட்காரவைத்து, சுட்ட மீன், ஆக்டோபஸ், அந்த ஊர் பெருமைப்படும் முயல் கறி என்று பரப்பினார்கள். பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். புத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் முனிரத்தினம் அண்ணன் குடும்பம் அது. மற்ற பதினொரு மாதமும் ஆட்டை விடாதவர்கள். பணம் கட்டும்போது இதே மெனுவைப் பார்த்துத் தலையாட்டியவர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்கே யாருண்ணா புரட்டாசி பார்க்கறாங்க?” என்று கேட்டே விட்டேன்.

“கடலைத் தாண்டினா மாசம் மாறிப்பூடுமா தம்பி? நீ வேணா துன்னு, நாங்க பாத்துக்கினு இருக்கோம்.”

வாசலில் விட்டது

அன்றிலிருந்து மூன்று வேளையும் பட்டாணி அடைத்த பஃப்ஸ்தான். அதைத் தேடி நான் தெருத்தெருவாக அலைந்தேன்.

தலைநகர் வாலெட்டாவில் ஒரு பழைய தேவாலயம். தொண்டை வறள வரலாறு சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. கோயில் என்றதும் வாசலில் வரிசையாக விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால், துப்புரவு வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகளும் மூடல். வெயிலில் கல் தரை கொதித்தது. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம்! எதைச் சொல்வது, செருப்போடு சாமி கும்பிடுங்கள் என்றா? முனிரத்தினம் அண்ணனின் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நம்மூர்ல சின்னக் கோயில்ல கூட செருப்புக்கு டோக்கன் தர்றாங்க. இது இன்னா ஊரு?”

நீலத் தண்ணீர்

பக்கத்தில் கொமினோ என்ற குட்டித் தீவு. அடிமணல் தெரியும் அந்த நீலத் தண்ணீரில் நீந்தத்தான் எல்லோரும் வருகிறார்கள். படகு கிளம்பும் நேரத்தில் பார்த்தால், அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடி நிற்கிறார். மகாளய அமாவாசையாம். புத்தூரிலிருந்தே கறுப்பு எள் கொண்டுவந்திருக்கிறார். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் நீச்சல் உடையில் வேடிக்கை பார்க்கிறார்கள். படகுக்காரன் கம்பெனிக்குப் புகார் எழுதுவேன் என்று கத்துகிறான். போச்சு, ஏழு வருட உழைப்பும் போச்சு. பேண்ட்டோடு இறங்கிப் போய், “என் வேலை போயிடும்ணா, ஏறுங்க!” என்று நானும் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. என் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இறந்து மூன்று வருடமாகிறது என்றேன். அன்று அமாவாசை என்பதே எனக்கு நினைவில்லை. அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த நிமிடம் என்மேல் திரும்பியது.

“அப்ப நீயும் கைய நீட்டு. உங்க நைனாவுக்கும் சேத்து எள்ளு இருக்குது.”

மார்க் தாளில் சாப்பாட்டுக்குப் பூஜ்யம், தீவுக்குப் பூஜ்யம், எனக்கு மட்டும் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார்கள் என்பதால், இனி ஒவ்வொரு புரட்டாசிக்கும் மால்டாவுக்கு என்னைத்தான் அனுப்புவதாக முதலாளி முடிவு செய்திருக்கிறார்.