எனக்கு மட்டும் மாற்றாத அலைவரிசை

திருவண்ணாமலையில் நாங்கள் சிலர் ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கு உரிமம் பெற்றவர்கள். போன வருடம் தீபத்தன்று, கூட்டத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தகவல் சொல்ல, கையடக்க செட்டுகளோடு ஆளுக்கோர் இடத்தில் நின்றோம். எல்லா செட்டுக்கும் அலைவரிசை பதிந்து தந்தவன் என் நெடுநாள் நண்பன் சேகர். "உன்னுது ரெடி, தைரியமா மலை ஏறு" என்று தோளைத் தட்டி அனுப்பினான்.

பாதி மலையில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை. கடைசியில் பக்தர்கள்தான் அவரை வேட்டியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

கீழே வந்தால், சேகரும் மற்றவர்களும் செட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மட்டும் ஏன்டா ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

சேகர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ பேச ஆரம்பிச்சா விடமாட்டியே. அதான் நாங்க வேற அலைவரிசைக்கு மாறிட்டோம். உன்னுதை மாத்தல."

இப்போது என் செட்டில் நானேதான் அலைவரிசை பதிகிறேன். ஒவ்வொருவரையும் அழைத்து, குரல் கேட்ட பிறகே வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். சேகரையும் அழைக்கிறேன். "கேக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "வேற ஒண்ணும் இல்லையா?" என்று அவன்தான் கேட்கிறான்.