பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே ஐந்து வாத்துகள்

எங்கள் வாத்துகளை விரட்டி வீடியோ எடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு, இவளுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மலைமேல் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் பூண்டும் முட்டைக்கோஸும் போட்டிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் ஓடில்லாத நத்தைகள் வந்து கோஸ் குருத்தைச் சல்லடையாக்கிவிடும். மருந்தடிக்க மனமில்லாமல்தான் ஆறு வாத்துகளை வாங்கினேன். ஐந்து பெட்டை, ஒரு ஆண். காலையில் கூட்டைத் திறந்தால் வரிசையாகப் பாத்திக்குப் போய் நத்தைகளைத் தின்னும், பிறகு சிமெண்டுத் தொட்டியில் இறங்கும், பொழுது சாயும்போது தானாகவே கூட்டுக்குத் திரும்பும். இந்த வீட்டில் நான் வாய் ஓயக் கத்தாமல் வேலை நடக்கிறதென்றால் அது அவை செய்கிற வேலை மட்டும்தான்.

டிசம்பரில் சென்னையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், எல்லாருக்கும் இருபத்தைந்துக்குள் இருக்கும். காலையில் மூடுபனி இறங்கியதும் அதில் ஒரு பெண் அடுப்படிக்கே வந்து, "ஆன்ட்டி, மிஸ்ட்டுக்குள்ள டக்ஸ் ஓடி வர்ற மாதிரி ஒரு ரீல் எடுத்துக்கலாமா? ஒரே ஒரு டேக்" என்று கேட்டாள். நானும் சரியென்று சொல்லிவிட்டுச் சப்பாத்தி தேய்க்கப் போனேன். ஒரு டேக் ஏழு டேக் ஆனது. ஒருவன் தரையில் குப்புறப் படுத்துப் போனைப் பிடிக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து துண்டை வீசி வீசி விரட்டியிருக்கிறார்கள். விரட்டப்பட்டவற்றுக்குப் போக வழியில்லை. மேல் பாத்தியின் கல்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்தன. கழுத்தில் வெள்ளைப் பட்டை உள்ள பெட்டை மட்டும் கல்லில் இடறி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் இறக்கையை அடித்துக்கொண்டது.

நான் ஓடி வந்தபோது மற்ற ஐந்தும் வேலி ஓரத்துக்குப் போய்விட்டிருந்தன. உயிருக்குப் பயந்து ஓடியவை அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. நின்று திரும்பிப் பார்த்தன. ஒன்று குறைகிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. தங்களை விரட்டிய அந்த நான்கு பேரின் கால்களுக்கு இடையிலேயே புகுந்து திரும்பி வந்து, விழுந்து கிடந்ததைச் சுற்றி நின்று கழுத்தை நீட்டிக் கத்தின. சத்தமாகக் கத்த வராத ஆண் வாத்துகூடத் தன் கம்மிய குரலில் சீறியது.

"அய்யோ, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்துருச்சு பாரேன், ஸோ க்யூட்!" என்று சொல்லி அதையும் படம் பிடித்தாள் அந்தப் பெண்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் என் கணவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "விடு, கெஸ்ட்டுக. போயி ரிவ்யூல எழுதிப்புடுவாங்க." அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "பரவாயில்லம்மா, அதுகளே சரியாயிரும்" என்றேன். அப்புறம் போய் அவர்களுக்குச் சப்பாத்தி சுட்டுப் போட்டேன். என் வாயை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற கால்நடை டாக்டர் வந்து காலைப் பிடித்துப் பார்த்தார். "ஒடையலம்மா, பெசகியிருக்கு. மருந்து ஒண்ணும் வேணாம். பத்து நாளைக்கு நடக்க விடாம வச்சிருங்க, தானா கூடிரும்" என்றார்.

பெட்டையைப் பாத்ரூமில் சாக்கு விரித்து வைத்தேன். அன்று சாயங்காலம் ஐந்தும் கூட்டுக்குப் போக மறுத்தன. உள்ளே போவதும், எண்ணிப் பார்த்ததுபோல வெளியே வருவதும், பாத்தி, தொட்டி, விறகுக் கொட்டகை என்று தேடுவதுமாக இருந்தன. எங்கிருந்தோ அவை ஒரு கத்தல் போட்டபோது பாத்ரூமுக்குள்ளிருந்து இது பதில் கொடுத்தது. அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து ஐந்தும் அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றுகொண்டன. வெளியிலிருந்து ஒரு குரல், உள்ளேயிருந்து ஒரு குரல். நத்தை தின்னப் போவதும் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவதுமாகப் பத்து நாள் இதே கூத்துதான்.

ஒவ்வொரு முறை அவை கத்தும்போதும் அந்த நான்கு பேரையும் வாயாரத் திட்டினேன். பால்காரரிடம் திட்டினேன், காய் எடுக்க வந்தவரிடம் திட்டினேன், போனில் அக்காவிடம் திட்டினேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிற தெம்பில் திட்டுவது எவ்வளவு சுகம் என்று அந்தப் பத்து நாளில்தான் கண்டேன்.

பத்தாம் நாள் பெட்டை பாத்ரூமுக்குள்ளேயே நொண்டாமல் நடந்தது. மறுநாள் வெயில் வந்ததும் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டேன். ஐந்தும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, ஒரே பேச்சாக ஓடி வந்தன. எல்லாமாகச் சேர்ந்து தொட்டிக்குப் போய் இறங்கின. என் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அதன் முதுகு மட்டும் தாழ்ந்து போவதைப் பார்த்தேன். மற்றவற்றின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருள, இதன் இறகு பழந்துணி போல ஊறிவிட்டது. கரையேற முடியாமல் தத்தளித்தது. முதலில் மற்றவை கூச்சலிட்டபடி அதைச் சுற்றி வந்தன. பிறகு ஆண் வாத்து அதன் கழுத்தைக் கொத்தத் தொடங்கியது, இன்னொரு பெட்டையும் சேர்ந்துகொண்டது. பத்து நாளாக ஜன்னலடியில் நின்று அழைத்தவை அவை! விளக்குமாற்றை எடுத்து இரண்டையும் விளாசினேன். "இதுக்குத்தான் கத்துனீகளாடா, நாய்களா!" என்று கத்தினேன். ஈரத்தில் உருமாறிப் போனதை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லையோ, தெரிந்துதான் கொத்தினவோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாரியெடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்துத் துவட்டினேன். தோல்வரைக்கும் ஊறியிருந்தது. அந்தக் குளிரில் உடம்பு நடுங்கி நடுங்கி, பிறகு நடுக்கமும் நின்றது. டாக்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "காலு நல்லா கூடியிருச்சேம்மா. அப்பறம் எப்படி?" என்று வயிற்றுப் பக்கம் இறகை விலக்கியவர், விரலை மூக்கருகே கொண்டுபோனார். "என்னத்தத் தேச்சீங்க?"

தைலம். யூகலிப்டஸ் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, தினம் மூன்று வேளை, தொடையிலிருந்து வயிறுவரைக்கும் சூடு பறக்கத் தேய்த்திருந்தேன். இந்த மலையில் தலைவலியென்றாலும் தைலம், சளியென்றாலும் தைலம், சுளுக்கென்றால் கேட்கவே வேண்டாம். மருந்து வேண்டாம் என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. தைலத்தை மருந்தென்று யார் நினைத்தார்கள்?

"எண்ணெ பட்டா எறகு தண்ணியத் தள்ளாதும்மா" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

என் கணவர் குழி வெட்டும்வரை அதைச் சாக்கில் போட்டுப் பின்வாசலில் வைத்திருந்தேன். ஐந்தும் வந்தன. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தன. ஒரு பெட்டை அதன் இறக்கையை அலகால் லேசாகத் தூக்கிவிட்டுப் பார்த்தது. ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவை அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அடுத்த வாரம் போன் வந்தது. அந்தப் பெண்தான்.

"ஆன்ட்டி, அந்த டக்குக்குக் கால் சரியாயிடுச்சா? ஊருக்கு வந்ததுலேர்ந்து மனசே சரியில்ல. அந்த வீடியோவ நாங்க போடவே இல்ல ஆன்ட்டி, டெலீட் பண்ணிட்டோம்."

"செத்துப்போச்சு" என்றேன். "அந்தக் கால்தாம்மா. கடைசிவரைக்கும் கூடவே இல்ல. நீங்க வெரட்டுனதுலதான் செத்துச்சு."

அந்தப் பக்கம் அழுகை. "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்று தேம்பித் தேம்பி அழுதாள். "சோலி கெடக்கு, வைக்கிறேன்" என்று துண்டித்துவிட்டேன். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவர்கள் விரட்டியது விரட்டியதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கால் நன்றாகத் தேறியிருந்தது. டாக்டர் போன பிறகு நானே மடக்கி நீட்டிப் பார்த்தேன். அவள் எண் என் போனில்தான் இருக்கிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை.