மூக்கில் ரத்தம், வாயில் ஜோக்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகை அன்று காலை, திருத்தணி மலைப்படியில் நடந்தது இது. என் மனைவியின் தம்பி புஷ்பக் காவடி எடுத்திருந்தான். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுபவன். காவடியோடு அவன் முன்னால். தண்ணீர் பாட்டிலோடும் தொப்பையோடும் நான் பின்னால்.

பாதிப் படி ஏறியிருப்போம். சட்டென்று நின்றுவிட்டான். மஞ்சள் வேட்டியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"பாவா, மூக்குல ரத்தம் வருது பாவா."

"சூடுடா மச்சான். இந்த வெயில்ல காவடி தூக்கிகினு வந்தா பின்ன பன்னீரா வரும்?"

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதல் வைத்தியம் என் ஜோக்தான். காவடியை எங்களோடு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவனைப் படியோரம் உட்கார வைத்தேன். தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, உச்சந்தலையில் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தேன். மூக்கிலிருந்து வருவது நின்றது. டாக்டருக்குப் படித்திருக்கலாம் போல என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் எங்கே நின்றது? தொண்டை வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு குலுங்கியது. வாய் நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தான். சுற்றி இருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்து "அரோகரா!" என்றார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் ஒரு நிமிடம் கையைக் கூப்பிவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். சித்தூர் பக்கம் நர்ஸ் வேலை என்று பிறகு சொன்னார்.

"தலைய எதுக்குய்யா தூக்கிப் புடிச்சிகினு கீறே? ரத்தம் மொத்தம் உள்ள போவுது. முன்னால குனிய வைய்யா!"

மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். வாயால் மூச்சு விடச் சொன்னார். நின்றுவிட்டதா என்று பார்க்க நான் அவர் கையை விலக்கப் போனேன்.

"கைய எடுத்து எடுத்துப் பாத்தா எப்டி நிக்கும்? பத்து நிமிஷம் சும்மா இருய்யா."

நான் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் துணி வைத்து அடைத்தார்கள். பிரஷர் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"மாத்திரை போடறீங்களா இல்லியா?"

"மால போட்டதுலேர்ந்து போடல சார்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "யாரும் சொல்லல சார். நானாதான் வுட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாலை போட்ட அன்று, "விரதத்துல பிரஷர் மாத்திரை போடலாமா பாவா?" என்று என்னிடம்தான் கேட்டான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்? "முருகனையும் நம்பிகினு மாத்திரையும் முழுங்கினா, அவரு கோச்சிக்க மாட்டாரா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதைப் பதிலாக எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உயிர் பிழைத்துவிட்டான். ஆனால் ஏறிய பிரஷரில் இடது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. தறியில் இழை அறுந்தால், இப்போது முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் தேடுகிறான். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அந்த ஜோக்கைக் கேட்டுத்தான் மாத்திரையை நிறுத்தினான் என்பது என் மனைவிக்குக்கூட இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இப்போதெல்லாம் யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால், "எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் என்னைச் சுடுகிறது.