ஜின்கோ மாத்திரையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

போன வாரம் அறந்தாங்கியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். பல்வலி எனக்கில்லை, என் தங்கை சாந்தியின் கணவர் மாரிமுத்துவுக்கு. மணமேல்குடிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தார். பஞ்சை மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். ரத்தம் நிற்கவில்லை.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டார். "சார், வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா? முன்னாடியே கேட்டேன், இல்லைன்னீங்க."

மாரிமுத்துவின் வாயில் பஞ்சு. பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணன் கதிரேசன். "அவனுக்கு ஒரு நோயும் கெடையாதுங்க. பிரஷர் இல்ல, சுகர் இல்ல. நல்லா இருக்கான்."

மாரிமுத்து தரையைப் பார்த்தார். சாந்தி என்னைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் பண்ணையில் நோய் விழுந்து, வளர்ந்த இறால் அத்தனையும் செத்து மிதந்தது. அதற்குப் பிறகு மாரிமுத்து பேசுவதைக் குறைத்தார். பிறகு சாப்பிடுவதை. பண்ணைக் கரையிலேயே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சாந்தியிடம், "நான் இல்லாட்டியும் நீ சமாளிச்சுக்குவேல்ல?" என்று சாதாரணமாகக் கேட்டாராம்... ரேஷன் கடை திறந்திருக்கா என்று கேட்பதுபோல.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரை நான் இருக்கும் புதுக்கோட்டைக்குக் கூட்டிவந்துவிட்டாள். மனநல மருத்துவர் பார்த்தார், மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் ஆள் திரும்பி வந்தார். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை பிடித்தாராம். சாந்தி எனக்குப் போன் செய்து, "அண்ணே, இன்னைக்கு அவரு என்னைய வஞ்சாருண்ணே" என்று சொல்லி அழுதாள். சந்தோஷத்தில்.

கதிரேசனுக்கு மட்டும் தம்பி மனநல டாக்டரிடம் போவது பொறுக்கவில்லை. தம்பி மேல் பாசம் இல்லாதவர் இல்லை. ஆனால் வீட்டில் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். "பைத்தியக்கார டாக்டர்ட்டப் போறான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?" என்பது அவர் கேள்வி.

இந்தக் கவலையோடு அவர் ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்துக்குப் போனார். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் ஸ்லைடு போட்டு விளக்கியிருக்கிறார். ஜின்கோ என்று ஒரு மரமாம், சீனாவில் வளர்கிறதாம். அதன் இலையிலிருந்து எடுத்த மாத்திரையாம். ஞாபக மறதி, மனச்சோர்வு, மூளைச் சோர்வு எல்லாவற்றுக்கும் கேட்குமாம். மூலிகை, அதனால் சைடு எஃபெக்ட்டே கிடையாதாம்.

கதிரேசன் பாட்டிலோடு வந்து, "இதைச் சாப்பிடு, அந்த இங்கிலீஷ் மாத்திரையத் தூக்கி எறி" என்றார். மாரிமுத்துவால் அண்ணன் பேச்சைத் தட்ட முடியவில்லை. சாந்தியின் கண்முன்னால் டாக்டர் மாத்திரையை எறியவும் முடியவில்லை. இரண்டையும் விழுங்கினார்.

கொஞ்ச நாளில் அவர் கையில் ஆங்காங்கே ஊதா நிறத்தில் கன்றிப்போனது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பண்ணையில் இடித்திருக்கும், பல் சொத்தை, வேறென்ன, என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். டாக்டரம்மா மூன்றாவது முறை கேட்பதற்குள் சாந்தி எழுந்துவிட்டாள். "டாக்டர், அவரு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறாரு. மனநல டாக்டர் குடுத்தது. அதோட ஜின்கோன்னு ஒரு மூலிகை மாத்திரையும் சாப்பிடுறாரு."

கதவு திறந்தே இருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாந்தி, எதை எங்க பேசுறது?" என்றார் கதிரேசன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரத்தம் வர்ற எடத்துலதான் அத்தான் பேசணும்."

என் தங்கை அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. டாக்டரம்மா ரத்தம் உறைவதற்கான மருந்துப் பஞ்சை வைத்துத் தையல் போட்டார். புதுக்கோட்டை மருத்துவரிடம் போனில் பேசினார். மதியத்துக்குள் ரத்தம் நின்றது. எங்களுக்கும் விளக்கினார். ஜின்கோ சிலருக்கு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். வேறு சில மாத்திரைகளோடு சேர்ந்தால் அளவுக்கு மீறிய மயக்கம், வலிப்புகூட வரலாம். ஜின்கோவை இன்றே நிறுத்துங்கள், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

மாரிமுத்து வீட்டுக்கு வந்ததும் ஜின்கோ பாட்டிலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். கோட்டுக்காரரேதான் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், அது மருந்தே இல்ல சார். ஃபுட் சப்ளிமென்ட்."

"மனச்சோர்வுக்குக் கேக்கும்னு மேடையில சொன்னீங்களே?"

"அது பொதுவாச் சொல்றது சார். வேற மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்டுக்கணும். பாட்டில்லயே போட்டிருக்கு."

போட்டிருந்தது உண்மைதான். எறும்பு சைஸ் எழுத்தில், இங்கிலீஷில்.

எவ்வளவு வசதி பாருங்கள். விற்கும்போது மருந்து, கேள்வி கேட்டால் சாப்பாடு. பல் போனதால் தெரிந்தது. பண்ணையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால்? அந்த ஆள் யாரிடம் பொதுவாகப் பேசியிருப்பார்?

இலை என்றால் சாதுவா? அரளியும்தான் இலை விடுகிறது. மனசை மாற்றும் அளவுக்கு ஒன்றுக்குச் சக்தி இருக்கிறது என்கிறீர்கள். அதே வாயால் உடம்பை ஒன்றும் செய்யாது என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஐயா உண்மையாகும்?

என் கோபத்தில் பாதி கோட்டுக்காரருக்கு. மீதி எங்களுக்குத்தான். முட்டிவலி டாக்டர் பெயரை ஊருக்கே சொல்கிறோம். மனசு டாக்டர் என்றால் குரல் தணிகிறது. நாம் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதில்தான் இந்தக் கோட்டுகளின் பிழைப்பு ஓடுகிறது. "நல்லதுக்குத்தானே மச்சான் செஞ்சேன்" என்றார் கதிரேசன். அவர் கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் வரவில்லை.

நேற்று மாரிமுத்து புதுக்கோட்டைக்கு மருத்துவரைப் பார்க்க பஸ்ஸில் தனியாக வந்தார். பக்கத்து சீட்டுக்காரர், தெரிந்த முகம், "எங்கிட்டுப் போறீங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

"மனநல டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று சத்தமாகவே சொன்னாராம் இவர். அவர் மெல்ல எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாராம்.

போகட்டும். மாரிமுத்துவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.