மாவுக் கூடையில் பொரித்த காடை

பாகீரதி மாமிக்கு நான் இருபத்தொரு ரூபாய் கடன்பட்டிருந்தேன். சொல்ல எனக்கென்ன வெட்கம்? மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்தத் திருவேங்கடத்துக்கு இன்று கல்கத்தா பவானிபூரில் மூன்று கட்டடம். எட்டணா முதல் போட்டுத் தொடங்கினேன் என்றால் என் மருமகன்கள் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். அந்த எட்டணா மாமியின் கதையில் வருகிறது. அதனால் மாமியைப் பற்றி எழுதுகிறேன்.

மாமி கும்பகோணத்துக்காரி. பதினைந்து வயதில் கல்கத்தாவுக்கு வந்தாள். கணவர் பட்டாபிராமன் ஒரு சணல் கம்பெனியில் ஹெட் குமாஸ்தா. துரை முன்னால் நாள் முழுக்க வளைந்த முதுகை வீட்டுக்கு வந்துதான் நிமிர்த்துவார், அதுவும் மாமி மேல். மாமி கடைத்தெருவில் மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே வங்காளியில் பேரம் பேசுவாள். அந்தக் குரலுக்குப் பயந்தே காய்க்காரன் ஒரு பைசா குறைப்பான். அப்படிக் குறைந்த பைசாக்கள் ஒன்பது வருஷத்தில் கடுகு டப்பாவுக்குள் இருபத்தொரு ரூபாய் ஆயின. அதைத்தான் கீழ் அறையில் குடியிருந்த நான் கெஞ்சி வாங்கிக் குடை வியாபாரம் செய்தேன். குடை வந்த மறுநாள் மழை நின்றது. மூளை என்னுடையது, குற்றம் மழையுடையது.

மாசி மாதம். பங்குனியில் தெரிந்தவர்கள் எல்லாம் கூட்டமாகக் காசிக்குக் கிளம்புவதாக இருந்தது. மாமி கேட்டதற்கு மாமா, "போகணும்னா உன் காசுல போயேன்" என்றாராம். அவளிடம் காசே இல்லை என்று மனுஷருக்கு அத்தனை நிச்சயம். மாமி படியிறங்கி என் வாசலில் வந்து நின்றாள்.

"திருவேங்கடம், வர்ற மாசம் எட்டாம் தேதி ஹவுராவுல ரயில். அன்னிக்கு என் காசு கையில இல்லேன்னா உன்னைத் தலை முழுகிடுவேன்."

நான் மெட்டியாபுருஜில் இருந்த மிர்ஸாவிடம் ஓடினேன். காடைச் சண்டை விடுகிற மனுஷன். அவனுடைய ஜெயித்த ஜோடி இட்ட முட்டைகளை அடைகாத்த கோழி பாதியில் எழுந்து போய்விட்டது. "குஞ்சாகக் கொண்டு வா, ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்" என்று புதிதாய் இட்ட இரண்டு டஜன் முட்டைகளை என்னிடம் தந்தான். நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரியவை, புள்ளி புள்ளியாக.

முதல் நாள், அடுப்பில் சூடாக்கிய செங்கல்லை முட்டைக் கூடையில் வைத்தேன். நாலு முட்டை வெந்துவிட்டது. ஜலஜா, என் பெண்சாதி, அதை உப்புப் போட்டுத் தின்றாள். மிச்சம் இருபதை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் மாமியின் இட்லி மாவு கண்ணில் பட்டது. கல்கத்தாக் குளிரில் மாவு பொங்காது. அதற்காக மாமி, கீழ்த்தளத்தில் இருந்த தன் சமையலறை அடுப்புச் சுவரின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, கூடையில் தவிடு பரப்பி, மாவுப் பானையைப் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வையால் சுற்றி வைப்பாள். அது மடிக்கூடை. மாமா கூடத் தொடமாட்டார். உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் உண்டா? முட்டைகளைத் தவிட்டுக்குள் பதித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமி ரஜாயைத் தூக்கித் தவிட்டைக் கிளறினாள்.

"அடப்பாவி! என் ஆத்துல முட்டையா? மாவு மொத்தமும் போச்சே! கட்டைல போறவனே!"

"மாமி, கத்தாதீங்க. உங்க காசி அதுக்குள்ளதான் இருக்கு."

கணக்கைச் சொன்னேன்.  மாமி மாவைச் சாக்கடையில் கொட்டினாள், தலைக்குக் குளித்தாள், வேறு கூடையில் புது மாவு வைத்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கொட்டாங்கச்சி அகப்பை.

"கையால தொடமாட்டேன். இதால புரட்டறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"மூணு தடவை மாமி."

மூன்று வேளையும் ஜபத்துக்கு உட்காருமுன் புரட்டினாள். கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள், தொடவில்லை. அதிகம் என்றால் ரஜாயை விலக்கினாள். கடைசி மூன்று நாள் ஈரத்துணி போடச் சொன்னதும் நான்தான். எல்லாம் என் யோசனைதான். அகப்பை மட்டும் மாமியுடையது.

பதினேழாம் நாள் காலை மாமா சாப்பிட உட்கார்ந்தார்.

"பாகீரதி, என்ன அது கீச்சு கீச்சுன்னு?"

"மாவு பொங்கறது."

"மாவு கத்துமா?"

"மாசி மாசத்து மாவு. நீங்க இட்லியச் சாப்பிடுங்கோ, ஆபீசுக்கு நாழியாறது."

அவர் டிராமுக்குப் போனதும் ஓடினேன். பதினைந்து குஞ்சு. கட்டைவிரல் அளவு, மஞ்சளும் கறுப்புமாக, நிற்கத் தெரிவதற்கு முன்பே ஓடத் தெரிந்த கழுதைகள். மாமி கூடைக்குமேல் குனிந்திருந்தாள். "இந்தக் கால் கோணலா இருக்கே, பிழைக்குமாடா?" என்றாள். அவள் விரல் ஒரு குஞ்சின் முதுகில் இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்று இரண்டாவது முறை குளித்தாள்.

மிர்ஸா ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் காசு தந்தான். கோணல் கால் உட்படப் பதினைந்தும் பிழைத்தன. இருபத்திரண்டு ரூபாய் எட்டணா.

ரயிலுக்கு முந்தின நாள் மாமியின் முன் நின்றேன். "அந்தக் காசைக் கழுவு" என்றாள். குழாயடியில் கழுவினேன். வாங்கி முந்தானையால் துடைத்து என்னிடமே தந்தாள், எண்ணி வைக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். ஒன்று, இரண்டு என்று இருபத்தொன்று வரை எண்ணி வைத்தேன். கை மூடவில்லை.

"என்ன மாமி?"

"கொட்டின மாவுக்கு யார் குடுப்பா?"

எட்டணாவை மடியில் முடிந்துகொண்டு, இருபத்திரண்டாவது ரூபாயை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.