மூன்று பந்தல், மூன்று ஃப்ரேம்வொர்க்

ரேணுகாம்பாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபியின் முகம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. நல்ல மனுஷியைப் பற்றி நல்லபடியாக நாலு பக்கம் எழுதலாம் என்றால் விடமாட்டேன் என்கிறது. வயிறு எரிகிறது. எரியட்டும். அந்த எரிச்சலைக் கழித்துவிட்டு எழுதினால் அது அவள் கதையாக இருக்காது.

நான் ஆதிமூலம். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். கீழே கம்ப்யூட்டர்கள், மாடியில் சும்மா கிடந்த ஒரு ஹால். அந்த ஹாலை இரண்டாயிரத்து ஏழில் இளவரசன் வந்து கேட்டார். அவர் ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு புரோகிராமருங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து பேசப் போறோம். யூசர் குரூப்புனு சொல்லுவாங்க. எடம் மட்டும் குடுங்க, போதும்" என்றார்.

நல்ல காரியம்தானே என்று கொடுத்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்த பையன்கள். அவர்களுக்கு நாயகன் கோபி. சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை. மாமியார் வீடு இங்கே என்பதால் சனி ஞாயிறு வந்துவிடுவான். கையில் லேப்டாப் இருக்கும், அதன் மூடியில் வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண் ரேணுகாம்பாள். கலசபாக்கம் பக்கத்துக் கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பம். அரசுக் கல்லூரியில் கணக்குப் படித்து, அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. முடித்து, வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். பகல் முழுவதும் யாருடைய விவரத்தையோ தட்டச்சு செய்வாள். சாயங்காலம் என் கடையில் ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தனக்கு வேண்டியதைத் தானே கற்றுக்கொள்வாள். சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை நிறுத்தத்தில் நிற்காமல் ஒரு கிழவியை வெகுதூரம் தள்ளி இறக்கிவிட்ட பஸ்ஸை, பின்பக்கக் கதவு வழியாகக் குதித்து இறங்கி முன்னால் போய் நின்று மறித்தவள். அந்தக் கிழவியை மறுபடி ஏற்றிக்கொண்டு பஸ் பின்னுக்கு வந்த பிறகுதான் வழி விட்டாள்.

அவள் குரூப்பில் சேர்ந்ததற்குக் காரணம் அவள் அம்மா ராஜம்மாள். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு அம்மாவும் மகளும் மலை சுற்றப் போய், கூட்ட நெரிசலில் பிரிந்துவிட்டார்கள். ராஜம்மாளுக்குக் காது கேட்காது. மகள் போய்ச் சொல்லி, மைக்கில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாள் அடி அண்ணாமலையில் ஒரு மைக் குழாய்க்கு நேர் கீழேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். தன் பெயர் தலைக்கு மேலே முழங்குவது தெரியவில்லை. விடிந்த பிறகு ரேணுகாம்பாள் தானே தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணா தெருக் குழு மலை சுத்துற வழியில மூணு அன்னதானப் பந்தல் போடறாங்க. மூணுத்துலயும் ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம். தனியா வந்து உக்காந்திருக்கறவங்க பேரு, ஊரு, இன்னா துணி, யாரோட வந்தாங்கனு ஒரு பந்தல்ல பதிஞ்சா, மத்த ரெண்டு பந்தல்லயும் தெரியணும். அவ்ளோதான். நம்ம இத்தினி பேர் இருக்கறோம். அடுத்த தீபத்துக்குள்ள செஞ்சிடலாம்."

அண்ணா என்றது என்னைத்தான். பந்தலுக்குப் பக்கத்துக் கடைகளில் நெட் இருந்தது; கம்பி இழுத்துக் கொடுக்கிறேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கோபி ரொம்ப நேரம் தட்டினான். தட்டி முடித்துவிட்டு, "எந்த ஃப்ரேம்வொர்க்ல பண்றதுனு மொதல்ல முடிவு பண்ணிடலாம்" என்றான். சனியன் அந்த நிமிஷம் பிடித்தது.

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்று நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெப்சைட் கட்டுகிறவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதாமல் இருக்க, யாரோ முன்கூட்டியே செய்து வைத்த சட்டம். கதவு நிலை வாங்கி வந்து சுவரில் பதிக்கிற மாதிரி. அதில் பல வகை. கோபிக்கு ரெயில்ஸ். இளவரசனுக்கு ஜாங்கோ. ரேணுகாம்பாள் கேக் பிஎச்பி என்ற ஒன்றைக் கற்றிருந்தாள். மூன்றும் நல்லதுதான் என்று அவளே சொன்னாள். "எதுல வேணா பண்ணுங்க, ஆனா ஒண்ணுல பண்ணுங்க" என்றாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் எரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒப்பீடு. எதில் வரி கம்மி, எதில் வெப் பக்கத்தின் முகவரி அழகாக வருகிறது, எதில் டேட்டாபேஸை மாற்றுவது சுலபம். கோபி பலகையில் கட்டம் போடுவான், இளவரசன் எழுந்து போய் ஒரு கட்டத்தை அழிப்பார். இரண்டு பேரும் என் மாடி அதிர வாதாடுவார்கள். ஒருநாள் சத்தம் தாங்காமல் கீழே மெயில் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரி மேலே போய், யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்துவிட்டு வந்தாள். இதற்கு நடுவில் "மேடம், டீ சொல்லிட்டீங்களா" என்று ரேணுகாம்பாளைப் பார்த்து ஒரு கேள்வி. ஒருமுறை "கீழ தான் டீக்கடை, படி இருக்குது" என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆடி போய், ஐப்பசியும் வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. அப்போதுதான் கோபி ஒரு யோசனை சொன்னான். பெங்களூரில் நடக்கப்போகும் ஒரு மாநாட்டில் அவன் பேசுவதற்கு ஒத்துக்கொண்டிருந்தான். தலைப்பு, ஃப்ரேம்வொர்க்குகளின் ஒப்பீடு.

"பேச்சுல கம்பேர் பண்ணிட்டே இருந்தா முடிவே வராது. தீபத்துக்கு நெசமான கூட்டம் வருது இல்ல? மூணு பந்தல், மூணு ஃப்ரேம்வொர்க். ஆளுக்கு ஒண்ணு எழுதுவோம். செங்கம் ரோடு பந்தல்ல ரெயில்ஸ், அடி அண்ணாமலையில ஜாங்கோ, காஞ்சி ரோட்டுல கேக். எது தாங்குதுனு பாத்துடலாம்."

சபாஷ் என்று ஒரே ஆரவாரம். ரேணுகாம்பாள் எழுந்தாள்.

"மூணு தனித்தனியா இருந்தா ஒரு பந்தல்ல இருக்கறவங்க இன்னொரு பந்தல்ல எப்பிடித் தெரிவாங்க? அதுக்காகத்தான இத ஆரம்பிச்சோம்."

"மூணையும் இணைக்கறது பத்து நிமிஷ வேலை மேடம். கடைசியில சேத்துக்கலாம்" என்றார் இளவரசன்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். அவள் பக்கம் அவள் கைதான். நானும் தூக்கினேன், எனக்கு ஓட்டு இல்லையாம். கம்பியும் ஹாலும் என்னுடையது, ஓட்டு இல்லை.

தீபம் வந்தது. மாட வீதியிலிருந்து மலை சுற்றும் பாதை வரை தலையாகத் தெரிந்தது. நான் செங்கம் சாலைப் பந்தலில் கோபியோடு இருந்தேன். இளவரசன் அடி அண்ணாமலையில். ரேணுகாம்பாள் காஞ்சி சாலையில். அந்தப் பத்து நிமிஷ வேலையை முடித்துவிட்டீர்களா என்று முந்தின நாள் இளவரசனைக் கேட்டேன். வெப் முகவரிகள் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் கோபிக்கும் தனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்றார்.

மலை உச்சியில் தீபம் ஏறி, அரோகரா சத்தம் கொஞ்சம் அடங்கிய நேரம், இருசப்பன் என்று ஒரு மனிதர் பந்தலுக்கு வந்தார். தண்டராம்பட்டு தாண்டி ஏதோ ஊர். நனைந்த துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"சாமி, என் பொஞ்சாதி பேரு தனம். பச்சப் பொடவ. கண்ணு சரியாத் தெரியாது. யாராச்சும் கூட்டியாந்து வுட்டாங்களா?"

கோபி தட்டினான். "இல்லீங்க பெரியவரே. இதுல அப்பிடி யாரும் இல்ல."

மனிதர் போய்க் கொஞ்ச தூரம் தேடிவிட்டு வந்தார். மறுபடி தட்டினான், மறுபடி இல்லை. மூன்றாவது முறையும் வந்தார். நான் மற்றப் பந்தல்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன்; தீபத்தன்று செல்போனில் என்றைக்கு லைன் கிடைத்திருக்கிறது? கோபி என்னைத் தோளில் தொட்டான்.

"பாத்தீங்களாண்ணா, இத்தினி கூட்டத்துலயும் டக்குனு பதில் வருது."

பதில் வந்தது உண்மை. இல்லை என்ற பதில் வேகமாக வந்தது. அவன் சட்டையைப் பிடிக்காமல் அன்று எப்படி இருந்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வரிசையில் சாப்பாட்டுக்கு நின்றிருந்தவர்களுக்காகப் பொறுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ரேணுகாம்பாள் தன் பந்தலை மூடிவிட்டு அடி அண்ணாமலைக்கு நடந்து போயிருக்கிறாள். அங்கே பச்சைப் புடவையில் ஒரு அம்மாள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளவரசனின் கம்ப்யூட்டரில் எல்லாம் பிசகாமல் இருந்தது. தனம், பச்சைப் புடவை, பார்வைக் குறைவு, கணவர் பெயர் இருசப்பன். தீபம் ஏறுவதற்கு முன்பே பதிந்தது. இளவரசன் அந்த அம்மாளைத் தன்னுடைய சோதனைக்கு ஒரு நல்ல பதிவாக வைத்திருந்தாரே தவிர, வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

ரேணுகாம்பாள் ஆட்டோ பிடித்து அந்த அம்மாளை என் கடைக்குக் கூட்டி வந்தாள். இருசப்பன் இல்லை. மனைவி ஒருவேளை ஊருக்கே போயிருப்பாளோ என்று முதல் பஸ்ஸில் போய்விட்டார். போய்ப் பார்த்து, வீடு பூட்டிக் கிடக்க, மறுபடி பஸ் ஏறி மத்தியானம் எங்களைத் தேடி வந்து சேர்ந்தார். அதுவரை தனம் ஒரு வாய் இட்லிகூடத் தொடவில்லை. காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கினார்.

வந்த மனிதர் எங்களைத் திட்டியிருக்கலாம். கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல கெடச்சா" என்று சொல்லி, ரேணுகாம்பாளைப் பார்த்தும் கும்பிட்டார். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் கோபி சுவரில் படம் போட்டுக் காட்டினான். மூன்று நிறத்தில் மூன்று தூண்கள். எதில் எத்தனை பெயர் பதிந்தது, எது எவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது, எதில் நினைவகம் ஜாஸ்தி பிடித்தது. பின்னணியில் அடி அண்ணாமலைப் பந்தலின் புகைப்படம். இளவரசன் எடுத்தது. அதன் ஓரத்தில் பச்சைப் புடவையில் தனம் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் கண்ணில் படவில்லை. இளவரசனுக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான்: தன் பந்தலில் கூட்டம் அதிகம், ஆகவே ஒப்பீடு நியாயமில்லை.

ரேணுகாம்பாள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இதுல ஒண்ணு காணோம். எத்தினி பேரு அவங்க ஆளோட போய்ச் சேந்தாங்கனு போடல."

கோபி சிரித்தான். "அது ஃப்ரேம்வொர்க்கோட தப்பு இல்ல மேடம். அது இன்னிக்கு நம்ம டாபிக்கே இல்ல."

"எனக்கு அது ஒண்ணுதான் டாபிக்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே நானும் இறங்கினேன். மறுநாள் ஹாலுக்குப் பூட்டுப் போட்டேன். இளவரசன் மூன்று தடவை வந்து கேட்டார். நெல் மூட்டை அடுக்கப் போகிறேன் என்றேன். எனக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது.

கோபி பெங்களூரில் பேசினான். நன்றாகப் பேசினானாம். அதே புகைப்படம் அங்கேயும் போயிருக்கிறது.

அடுத்த வருஷம் தீபத்துக்கு ரேணுகாம்பாள் தான் எழுதியதையே மூன்று பந்தலிலும் வைத்தாள். ஓட்டில் தோற்ற அதே கேக். பார்க்க லட்சணமாக இல்லை; கிளிப்பச்சையில் ஒரு பக்கம், அதில் பெரிய பெரிய எழுத்து. ஒருமுறை நின்றே போய், நான் வேர்க்க விறுவிறுக்க மறுபடி போட்டேன். ஆனால் ஒரு இடத்தில் பதிந்தால் மூன்று இடத்திலும் தெரிந்தது. ஆள் சேர்ந்துவிட்டால் அழுத்த ஒரு பொத்தானும் வைத்திருந்தாள். அதை அழுத்தும்போது மட்டும் யாரையும் விடமாட்டாள், தானே அழுத்துவாள். அந்த வருஷம் அவள் என் பந்தலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராஜம்மாள், மகளின் முந்தானையைப் பிடித்தபடி.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் கோபி வந்தான். லேப்டாப் இல்லை. காலில் செருப்பும் இல்லை, எங்கோ விட்டுவிட்டிருந்தான். எங்கள் மாவட்டத்துச் சேத்துப்பட்டு பக்கத்தில் இருக்கும் அவன் அப்பா காசி தீபம் பார்க்க வந்திருந்தார். சமீபமாக அவருக்கு மறதி. கையைப் பிடித்துக்கொண்டே வந்ததாகவும், தேர் பக்கம் கூட்டம் தள்ளியதில் கை விட்டுப் போனதாகவும் கோபி சொன்னான். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

எனக்கு நாக்கு துடித்தது. இல்லை என்று வேகமாகச் சொல்லி அனுப்பலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ரேணுகாம்பாள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பேரு சொல்லுங்க."

"காசி. வெள்ள சட்ட. காவி வேட்டி."

தட்டினாள். பக்கம் வர நேரமெடுத்தது. கோபி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வெறுங்கால் சேறாகிக் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"காஞ்சி ரோடு பந்தல்ல இருக்காரு. மகன் பேரு கோபினு சொல்லியிருக்காரு" என்றாள்.

கோபி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூச்சு விட்டான். பிறகு மேஜைக்கு மேல் குனிந்து, அந்தக் கிளிப்பச்சைப் பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"மேடம், இது நீங்க அன்னைக்கு எழுதுன அதே கேக்தானா, இல்ல வேற ஃப்ரேம்வொர்க்குக்கு மாத்திட்டீங்களா?"

ரேணுகாம்பாள் திரையை அவன் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உங்கப்பா இன்னும் சாப்புடலையாம். நீங்க வந்தாதான் சாப்புடுவேன்னு உக்காந்திருக்காராம். போங்க."

போனான். பந்தல் கம்பத்தைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பி, அப்போதும் அந்தத் திரையைத்தான் பார்த்தான்.