மூலைக் கடையின் சாவி

அந்த வணிக வளாகத்தில் கடைகளை வாடகைக்கு விடும் பிரிவுக்கு அவள்தான் தலைவர். பதினொரு மாடியையும் பேசிப் பேசியே நிரப்பிய கெட்டிக்காரி. கீழ்த்தளத்து மூலைக் கடை மட்டும் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. யார் பார்க்க வந்தாலும், "மத்தியானம் வெயில் மண்டையப் பொளக்கும்" என்று அவளே கலைத்துவிடுவாள்.

"நீ பெரிய ஆளானதும் எனக்கு ஒரு தையல் கடை பிடிச்சுக் குடுக்கணும் அக்கா" என்று கேட்ட தங்கை கல்யாணமாகிக் கடல் கடந்து போனவள்தான், இன்னும் திரும்பவில்லை.

இன்று வந்த பெண்ணிடமும் வெயில் புராணத்தைப் பாடினாள்.

"வெயில்தானே, பரவாயில்லக்கா. இங்க செடி விக்கப்போறது என் தங்கச்சி. அவளுக்கு வெயில்னா உசுரு."

சாவியை நீட்டிவிட்டாள். விரல்கள்தான் விடமாட்டேன் என்று அடம்பிடித்தன.